மரமும் நாதமும்: சில கிதார்கள் குறித்து

கிதார்களைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் பெயர்களில் தொடங்கிப் பெயர்களிலேயே முடிந்துவிடுகின்றன. மார்ட்டின் என்றால் ஒரு பக்தி. கிப்சன் என்றால் ஒரு கிறக்கம். டெய்லர் என்றால் சுத்தம். யமஹா என்றால் ‘ஆரம்பத்துக்குப் போதும்’ என்கிற, சற்றே இளக்காரம் கலந்த ஒப்புதல். வீணைக்குத் தஞ்சாவூர் என்றும் நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை என்றும் நாம் ஊரைச் சொல்லிப் பழகியவர்கள். கிதாருக்கோ நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது நாதமா, மரமா, விளம்பரமா என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. கடந்த சில மாதங்களாக நாங்கள் நால்வர் அதைத்தான் செய்ய முயன்றுகொண்டிருக்கிறோம்.

முயன்றதற்குக் காரணம் உண்டு. எங்களில் மூத்தவர், வங்கிப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது ஆண்டுகளாகக் கிதார் வாசிப்பவர். கச்சேரிக்காரர் அல்லர். ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடிக் கதைகளையும் கவிதைகளையும் பேசி முடித்தபிறகு, அரைமணி நேரம் வாசிப்பார்; அவ்வளவுதான். அந்த அரைமணிக்காகவே சில ஞாயிறுகளில் நாங்கள் போயிருக்கிறோம் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அவருடைய இடதுகைக் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னார். பத்து நிமிடத்துக்கு மேல் கம்பியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. ‘இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்ன நாளில், வேறு கிதார் இருந்தால் முடியுமா என்கிற கேள்வி எங்களிடையே எழுந்தது. எனவே எந்த நிறுவனம் உயர்ந்தது என்பதைவிட, எந்தக் கிதார் அவரை இன்னும் சில ஆண்டுகள் வாசிக்கவிடும் என்பதே எங்கள் விசாரணை ஆயிற்று. கேள்வி மாறியதும் ஒப்பீட்டின் முகமும் மாறிவிட்டது.

தெரிந்தவர்களிடமிருந்து இரவல் வாங்கியும், கடைகளில் உட்கார்ந்து பொறுமையைச் சோதித்தும், நான்கு கிதார்களைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். மார்ட்டினின் டி-28, கிப்சனின் ஜே-45, டெய்லரின் ஒரு நடுத்தர மாதிரி, யமஹாவின் எஃப்ஜி-800. முதல் மூன்றும் லட்சங்களில் விலை போகிறவை. நான்காவது சில ஆயிரங்களில் கிடைப்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். கிதாரின் நாதத்தில் பெரும்பங்கு மேற்பலகையினுடையது. கம்பியின் அதிர்வைக் குதிரை வாங்கி மேற்பலகைக்குத் தருகிறது. வீணைக்காரர்கள் சொல்லும் அதே குதிரைதான், ஆங்கிலத்தில் பிரிட்ஜ். மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். மூன்று மில்லிமீட்டருக்கு முன்பின்னான தடிமன். ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசையோ ஏறக்குறைய 160 பவுண்டு, அதாவது எழுபது கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த ஆள் இரவுபகலாகத் தொங்கிக்கொண்டிருப்பதை, பிஸ்கட் தடிமனுள்ள பலகை தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டே தாராளமாக அதிரவும் வேண்டும். கனமாகச் செய்தால் ஊமையாகிவிடும், மெலிதாகச் செய்தால் உப்பி உடையும். கிதார் செய்வோரின் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் நடக்கிறது. பலகைக்கு அடியில் ஒட்டப்படும் உட்சட்டங்களை யார் எப்படி அமைக்கிறார்கள் என்பதில்தான் நிறுவனங்களின் உண்மையான வேறுபாடு இருக்கிறது. கடையில் இதை யாரும் காட்டுவதில்லை. ஒலித்துளைக்குள் சிறு கண்ணாடியும் கைவிளக்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்த குடும்ப நிறுவனம். பெருக்கல் குறி வடிவில் உட்சட்டங்களை வைக்கும் முறை 1840களில் அவர்களுடைய கிதார்களில் தோன்றியது. அப்போது கட்டியவை குடல்நரம்புத் தந்திகள். 1920களில் எஃகுக் கம்பிகள் பரவியபோது அந்த இழுவிசையைத் தாங்க இந்த அமைப்பே கைகொடுத்தது. டி-28இன் பெரிய உடலுக்கு டிரெட்நாட் என்று பெயர். பிரிட்டனின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. 1916இல் டிட்சன் என்னும் வணிக நிறுவனத்துக்காக அந்த உடலை முதலில் செய்தார்கள். தம் சொந்தப் பெயரில் வெளியிட்டது 1931இல். ஒலிபெருக்கி பரவலாகாத காலம். பாஞ்சோவுக்கும் ஃபிடிலுக்கும் நடுவே கிதாரின் குரல் எடுபட வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் பெரிய வயிறு. இன்று உலகெங்கும் கிதார் என்றாலே மனக்கண்ணில் வருவது இந்த வடிவம்தான். மொட்டைமாடியில் நான்குபேருக்கு வாசிப்பவருக்கு அந்தப் போர்க்கப்பல் தேவையா என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் அதன் நாதத்தைக் குறைசொல்ல முடியாது. டி-28இன் மந்தரக் கம்பியை வெறுமனே மீட்டிவிட்டு விட்டால் கோயில் மணி ஓய்வதுபோல நீண்டு ஓய்கிறது. மேலே கண்ணாடித் தெளிவு, கீழே ஆழம், நடுவில் சற்றே பள்ளம். பாடுகிறவரின் குரல் அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்சட்டங்களைச் செதுக்கி மெலிதாக்கும் பழைய வழக்கத்தை மார்ட்டின் 1944இல் கைவிட்டது. பலர் தடித்த கம்பிகளைக் கட்டியதால் பலகைகள் தாங்கவில்லை. பழையவற்றின் குரலைத் தேடி அலைந்தவர்கள் பெருகியபின், 1976இல் எச்டி-28 என்ற பெயரில் அந்தச் செதுக்கல் திரும்பி வந்தது. சில கிராம் மரத்தைச் சீவி எடுப்பதில் இருக்கிறது ஒரு தலைமுறையின் ஏக்கம்.

ஜே-45 வேறு குணம். 1942இல் வந்தது, சரிந்த தோள்கள், மஹோகனி முதுகு. கார்வை குறைவு; ஸ்வரம் எழுந்தவுடன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு விலகிவிடுகிறது. பேச்சுக்குரலுக்கு நெருக்கமான கிதார் என்று எங்களில் ஒருவர் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. கவிதை வாசிப்பவர் பக்கத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை. இதன் பிறப்பில் ஒரு கதையும் உண்டு. போர்க்காலத்தில் கிப்சனின் கலாமசூ தொழிற்சாலையில் இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் போருக்குப் போயிருந்தார்கள். இன்று பெருவிலைக்குப் போகும் அந்தக் காலத்துக் கிதார்களைச் செய்த கைகளைப் பற்றி நெடுங்காலம் யாரும் பேசவில்லை. அவர்களைத் தேடிக் கண்டு பேட்டி எடுத்து எழுதியதெல்லாம் இந்த நூற்றாண்டில்தான். இப்போதைய ஜே-45கள் மொன்டானா மாநிலத்தின் போஸ்மனிலிருந்து வருகின்றன.

எங்கள் நண்பருக்கு இதில் முக்கியமானது நாதமன்று, அளவு. தலைமுனையிலிருந்து குதிரைவரை கம்பியின் அதிரும் நீளம் டி-28இல் 25.4 அங்குலம், கிப்சனில் பெயரளவில் 24.75. முக்கால் அங்குலம்கூட இல்லாத வேறுபாடு. ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் ஐந்து விழுக்காடு குறைகிறது. ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் சற்று நெருங்குகிறது. ஆரோக்கியமான கைக்கு இது ஒன்றுமில்லை. தேய்ந்த மூட்டுக்கு, பத்து நிமிடம் என்பது இருபது நிமிடம் ஆனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டோம்.

டெய்லர் இவர்களுக்குள் இளையவர். 1974இல் கலிஃபோர்னியாவில் இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. அவர்களில் பாப் டெய்லருக்கு அப்போது வயது இருபதுக்குள். கைவினையின் பெருமையைப் பேசும் தொழிலில், கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகளைத் தயக்கமில்லாமல் கொண்டுவந்தவர்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில்தான் இந்த மனோபாவம் புலப்படும். மார்ட்டின் டி-28இலும் கிப்சன் ஜே-45இலும் கழுத்து புறாவால் வடிவப் பொருத்தாகப் பசையிட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் பல கழிந்து கழுத்தின் கோணம் மாறினால், நீராவி செலுத்திப் பசையை இளக்கி, கழற்றி, சீவி, மீண்டும் ஒட்ட வேண்டும். நாள்கணக்கான வேலை, அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் நம் ஊரில் அரிது. டெய்லரில் 1999 முதல் வந்த முறையில் கழுத்து திருகாணிகளால் பொருந்தியது. நுண்ணிய அளவில் சீவப்பட்ட மெல்லிய துண்டுகளை மாற்றிக் கோணத்தைத் திருத்தலாம். ரசிகர்கள் சிலர் இதை ஆன்மா இல்லாத வேலை என்பார்கள். பழுதுபார்ப்பவருக்குக் கூலி கொடுக்கிற நமக்கு ஆன்மாவைப் பற்றிய கருத்து சற்று மாறுபடும். ஒலியைப் பொறுத்தவரை, எந்த ஃப்ரெட்டில் எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஒரே சீரான, பளிச்சென்ற குரல். எங்களில் இருவருக்கு அது மிகப் பிடித்தது. இருவருக்கு, வெள்ளையடித்த புதுவீட்டில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

யமஹாவுக்கு வருவோம். ஜப்பானில் 1966இல் எஃப்ஜி-180 வெளிவந்தது. எஃப்ஜி என்பது ஃபோக் கிதார் என்பதன் சுருக்கம். ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டது. அந்த வரிசையில் ஒன்றான எஃப்ஜி-150ஐத்தான் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் 1969இல் உட்ஸ்டாக் மேடையில் வாசித்தார். இன்றைய எஃப்ஜி-800இன் மேற்பலகை ஒரே மரம். பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. கண்ணை மூடிக் கேட்டபோது அது டி-28 ஆகிவிடவில்லை. மந்தரத்தில் ஆழம் குறைவு, மெல்ல வாசிக்கும்போது குரல் சுருங்கிவிடுகிறது. ஆனால் விலைகளுக்கு இடையே உள்ள தூரம் செவிகளுக்கு இடையே இல்லை. வேலைப்பாட்டில் யமஹாவிடம் ஓர் ஒழுங்கு உண்டு: பத்துக் கிதார்களை எடுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இந்த நிறுவனம் 2019இல் சென்னையருகே தொடங்கிய ஆலையிலும் கிதார்கள் செய்யப்படுகின்றன.

இன்னொன்று. கடையில் கேட்கிற வேறுபாட்டில் பாதி, கம்பி புதிதா பழையதா என்பதுதான். நான்கிலும் ஒரே வகைக் கம்பிகளைப் புதிதாகக் கட்டியபிறகு, ‘மலைக்கும் மடுவுக்கும்’ என்று நாங்கள் பேசியவை குன்றும் மேடுமாகிவிட்டன. ஒப்பிட விரும்புகிறவர்கள் கம்பிக்குச் செலவழிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இனி, முதுகுப் பலகையின் மரத்துக்கு வரவேண்டும். கிதார் உலகின் மிகப்பெரிய வியாபார மந்திரம் அதுதான். டி-28இன் முதுகில் இருப்பது எது? நம்முடைய தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்வோம். 1969 வரை மார்ட்டின் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. பிரேசில் தன் மரங்களை அறுக்காத தடிகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், அந்த ஆண்டின் இறுதியில் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மரத்துக்கு மாறியது. நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளர்ந்த மரம், நாசரேத்தில் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத பலகையாகி, பெரும் விலையோடு ஒரு பெட்டிக்குள் திரும்பி வருகிறது. பிரேசில் மரத்தில் செய்த பழைய கிதார்களுக்குச் சந்தையில் தனி விலை. நம் மரம் அதற்கு ஒரு மாற்று, சற்றுக் குறைந்தது என்கிற பேச்சு அன்றிலிருந்து நடந்துவருகிறது.

அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. ரோஜர் பக்நால் என்னும் தேர்ந்த கைவினைஞரிடம் ஆறு கிதார்கள் செய்யச் சொன்னார்கள். வடிவம், மேற்பலகை, உட்சட்டம் எல்லாம் ஒன்றே. முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரங்கள். பிரேசில் ரோஸ்வுட், நம் தோதகத்தி, மஹோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். ஐம்பத்திரண்டு கிதார் கலைஞர்களை மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் செய்வோர் அணியும் கண்ணாடியை மாட்டி வாசிக்கவைத்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். மலிவான மரமும் அரிய மரமும் பிரித்தறியப்படவில்லை. இதில் புதுமை என்றுகூடச் சொல்வதற்கில்லை. ஸ்பெயினின் அந்தோனியோ தெ டோரஸ் 1862இலேயே, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து ஒரு கிதாரை உருவாக்கினார். மேற்பலகைதான் பேசுகிறது என்பதைக் காட்டவே அதைச் செய்தார் என்பார்கள். அது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் படித்தபின் தோதகத்தியைப் பார்க்கும் கண் மாறுகிறது. கேட்டுப் பிரிக்க முடியாத வேறுபாட்டுக்காகக் காடுகள் இறங்கியிருக்கின்றன. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, 2009இலும் 2011இலும் அமெரிக்க அரசின் அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் புகுந்து சோதனையிட்டார்கள். முதல்முறை மடகாஸ்கரின் கருங்காலி, இரண்டாம்முறை இந்திய மரம். டெய்லர் நிறுவனம் 2011இல் கேமரூனில் ஒரு கருங்காலி ஆலையில் பங்கெடுத்தபோது தெரியவந்தது இன்னும் வேதனையானது: முழுக்கறுப்பாக இல்லாத கருங்காலி மரங்களை வெட்டியபின் பார்த்து, சந்தையில் விலை போகாதென்று காட்டிலேயே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். கோடு விழுந்த அந்த மரங்களையும் விரற்பலகைக்கு எடுப்பதென டெய்லர் முடிவுசெய்தது. ஒலியில் எந்தக் குறையுமில்லை. நிறத்தில் மட்டும் பழக வேண்டியிருந்தது, வாங்குகிறவர்களுக்கு.

சென்னைவாசிகளுக்கு வேறொரு கவலை உண்டு. கிதார் நிறுவனங்கள் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் கருவியை வைக்கச் சொல்கின்றன. எங்கள் ஊரில் விடிகாலையிலேயே எழுபதைத் தாண்டிவிடும். முழுமரக் கிதார் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. மேற்பலகை எழும்ப, கம்பி உயர்கிறது. அழுத்தக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. ஒட்டுப்பலகை இவ்வளவு அசைவதில்லை. உலகத்தரம் என்று நாசரேத்தில் சொல்வது கடற்கரை ஊரில் வேறொன்றாகிவிடுகிறது. நாங்கள் கருவிகளைக் காட்டும் பழுதுபார்ப்பவர், பெரியவர், தலைப்பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதேயில்லை. கிதாரைக் கையில் வாங்கியதும் கழுத்து நெடுக ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ‘பேரை விடுங்க சார், பன்னெண்டாவது ஃப்ரெட்டுல கம்பி எவ்வளவு ஒசரம்னு பாருங்க’ என்பார். இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அவர் முகம் சுளிக்கும்.

இவையெல்லாம் சேர்ந்து எங்கள் தேர்வைக் குறுக்கின. டி-28ஐ நாதத்தால் முதலிடத்தில் வைத்து, அளவால் விலக்கினோம். ஜே-45 நெருங்கி வந்தது, விலை நெருங்கவிடவில்லை. கடைசியில் நின்றது டெய்லரின் ஜிஎஸ் மினி. 2010இல் வந்த சிறு உடல் கிதார். கம்பி நீளம் 23.5 அங்குலம்; மேற்பலகை முழுமரம், முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகை. சென்னையின் காற்றுக்கு அந்த முதுகு, தேய்ந்த மூட்டுக்கு அந்த நீளம். ஆலையிலிருந்து வரும்போது தடித்த கம்பிகளைக் கட்டி அனுப்புகிறார்கள், சிறு உடலின் குரலை ஈடுகட்ட. அதனால் நீளத்தில் மிச்சமான இழுவிசை கம்பியில் திரும்பிவிடுகிறது. மெல்லிய கம்பிகளை மாற்றிக் கட்டினோம். குரல் கொஞ்சம் இளைத்தது. மந்தரம் கோயில் மணியாக ஓயவில்லை, சைக்கிள் மணியைவிடக் கொஞ்சம் மேல் என்று அவரே சிரித்தார். ஆனால் அரைமணி நேரமும் வாசித்தார்.

அவருடைய பழைய கிதாரை விற்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரிய உடல், நீண்ட அளவு. நாற்பது ஆண்டுகளில் மேற்பலகை தேன் நிறமாகக் கனிந்திருக்கிறது. இப்போதைக்கு எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறோம். இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் பழைய சுருதி வந்துவிடுகிறது, கம்பியும் தணிந்து கிடக்கிறது. அப்படி வாசித்தால் பதினைந்து நிமிடம் தாங்குகிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பெரியவரிடம் கொண்டுபோய்க் குதிரையில் இன்னும் கால் மில்லிமீட்டர் தேய்க்க இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.